நாரிக்குப் புத்தி சொல்லாதையும் மருமோன்

இருக்காதையும் மருமோன், நில்லும். அந்தச் சாய்மனைக் கதிரையில ஒருக்கா இருந்தீரெண்டால் பிறகு உம்மை எழுப்ப நான் நாரந்தனை முழுக்கக் கூப்பிட வேணும். சுவரோட சாஞ்சு நிண்டு கேளும். நிண்டு கேக்கிறது உமக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இருந்து கேக்கிற ஆக்கள் என்ர கதைக்கு நித்திரை கொள்ளுகினம்.

கதை ஊருக்குள்ள வந்திட்டுது. மூண்டு வீட்டை ஒரேயடியாக் கொந்தராத்து எடுத்த மனிசன், விடியக் காலமை முகம் கழுவப் போய், கிணத்தடியில விழுந்த சோப்பை எடுக்கக் குனிஞ்சு, குனிஞ்சபடி நிண்டிட்டாராம். என்ர மோள் பின்னால வந்து, "என்னப்பா தேடுறியள்?" எண்டு கேட்டவவாம். உம்மட வேலைக்காரப் பெடியள் இப்ப சிரிக்கிறாங்கள். தாங்கள் நாள் முழுக்கச் சீமெந்து மூட்டை சுமக்கிறம், முதலாளியைச் சோப்புக்கட்டி விழுத்திப் போட்டுது எண்டு. சிரிக்கட்டும். அவங்களுக்கும் ஒரு சோப்புக்கட்டி எங்கையோ காத்துக்கொண்டு கிடக்கு.

சோப்பில பிழை இல்லை. உமக்கு எத்தினை கிலோ? எழுபது எண்டு சொல்லுவீர், எம்பது இருக்கும். நாரிக்கு மேல இருக்கிற உடம்பு அதில அரைவாசிக்கு மேல. சோப்பை எடுக்கக் குனிஞ்சு நிமிரேக்க நீர் தூக்கினது உம்மட தலையையும் நெஞ்சையும் தோளையும், சாப்பாட்டுக் கடைக் கொத்துரொட்டியால வளத்த வயித்தையும்தான். நாப்பது கிலோவுக்கு மேல. சோப்பு கூலி இல்லாமல் கூட வந்தது.

உங்கட அப்பு நாளில கிணத்தடியில துலா நிண்டது, கண்டிருப்பீர். ஆடுகாலில துலாவைக் கொழுவேக்க நடுவில கொழுவுறேல்லை. கிணத்துப் பக்கம் நீளம், மற்றப் பக்கம் கட்டை. கட்டைப் பக்கத்தில கல்லோ மரக்குத்தியோ கட்டிவிடுவினம். நீளப் பக்கத்தில தொங்கிற ஒரு பட்டைத் தண்ணியைத் தூக்க, கட்டைப் பக்கத்தில அதைவிடப் பல மடங்கு பாரம் வேணும். உம்மட நாரியும் அந்தத் துலாதான். முன்னுக்கு நீட்டின கை கிணத்துப் பக்கம். முள்ளந்தண்டுக்குப் பின்னால ஓடுற தசை கட்டைப் பக்கம், அதுவும் வெறும் 5 சென்ரிமீற்றர் மட்டில. 50 சென்ரிமீற்றர் தள்ளி 10 கிலோவைப் பிடிச்சீரெண்டால் பின்னால அந்தத் தசை 100 கிலோவுக்கு இழுக்க வேணும். உம்மட மேலுடம்பின்ர பாரம் அதுக்குப் புறம்பு. இழுக்கிற இழுவையும் தொங்கிற பாரமும் சேர்ந்து எங்க இறங்குது? ஆடுகாலில. உம்மட்ட ஆடுகால் இல்லை; எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில ஒரு சின்னத் தட்டு இருக்கு. டொக்டர்மார் டிஸ்க் எண்டு சொல்லுறது அதைத்தான்.

அந்தத் தட்டுக்கு இன்னொரு குணம் இருக்கு. இரவு நீர் படுத்துக் கிடக்கேக்க அது தண்ணியை உறிஞ்சி ஊதும். அதால காலமையில எல்லாரும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல வளந்துதான் எழும்புறம். அந்த வளத்தியில அரைவாசி எழும்பி முதல் மணித்தியாலத்துக்குள்ள இறங்கிப் போகும். ஊதின தட்டோட குனிஞ்சால் பின்னேரம் குனியிறதைவிட முள்ளந்தண்டுக்குப் பல மடங்கு இழுவை. 1998 இல அமெரிக்காவில, நாள்பட்ட நாரி நோக்காரரைக் காலமையில எழும்பின கையோட குனிய விடாமல் மறிச்சுப் பாத்தவை. நோ குறைஞ்சு போச்சு. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. குனியாமல் விட்டது மட்டும்தான்.

இனி எங்கட காலமையைப் பாரும். முத்தம் கூட்டுறது, சாம்பல் அள்ளுறது, ஆட்டைக் கட்டுறது, கிணத்துத் தண்ணி உப்பெண்டால் குடிதண்ணிக் கானைச் சைக்கிளில ஏத்துறது. 20 லீற்றர் கானெண்டால் 20 கிலோ, நிலத்தில இருந்து. தண்ணிக்குத் தள்ளுபடி கிடையாது. உம்மட வேலைத்தலத்தில பெடியள் வந்து சாரத்தை மடிச்சுக் கட்டின உடன என்ன வேலை? லான்ட்மாஸ்ரரில வந்த சீமெந்து இறக்கிறது. நாளில ஆகப் பாரமான வேலையை, நாரித் தட்டு இன்னும் ஊதி இருக்கிற நேரத்தில வைக்கிறீர். உம்மட கெட்டித்தனத்துக்கு ஒரு பொன்னாடை போடலாம். குனிஞ்சு வாங்க உம்மால ஏலாது எண்டபடியால் விட்டிட்டன்.

நீர் பெடியளை வரிசையா நிப்பாட்டி, போனில படம் காட்டி, ஒரு பிரசங்கம் வைச்சதாயும் கேள்வி. முழங்காலை மடக்கு, நாரியை நிமித்து, பாரத்தை நெஞ்சோட அணை. நல்ல பிரசங்கம். நெஞ்சோட அணைக்கச் சொன்னது துலாக் கணக்குத்தான், அதில பிழை பிடிக்க மாட்டன். ஆனால் மூட்டை அதைக் கேட்டுதோ? பிரசங்கத்துக்கு முதல் அது 50 கிலோ, நிலத்தில கிடந்தது. பிரசங்கம் முடிய அது 50 கிலோ, நிலத்தில கிடந்தது. மாறினது உம்மட தொண்டை மட்டும்.

பின்லாந்து ஆராய்ச்சிக்காரர் இதை நல்ல வடிவாப் பாத்தவை. தூக்கிற முறையைப் படிப்பிச்சால் நாரி நோ குறையுமோ எண்டு நடந்த சோதனையளை எல்லாம் ஒண்டாச் சேர்த்து, 2008 இல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்ணலில எழுதினவை. புத்தி சொன்னதால மட்டும் நோ குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்லை எண்டதுதான் முடிவு. நாரிக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை மருமோன். அதுக்குக் காது இல்லை.

லண்டனில சாமான் களஞ்சியத்தில நிக்கிற உம்மட தம்பியை ஒருக்காக் கேளும். அங்க 1992 இல கையால பாரம் தூக்கிறதுக்கெண்டு ஒரு சட்டவிதி வந்தது. அது முதல் சொல்லுறது, எப்பிடித் தூக்கிறது எண்டு இல்லை. தூக்காமல் விட ஏலுமெண்டால் தூக்க வைக்காதை எண்டுதான். ஏலாதெண்டால் ஆபத்தைக் கணிச்சு, அதைக் குறை. பொறுப்பு முதலாளிக்கு. அங்கத்தைச் சுகாதாரப் பகுதி ஒரு வழிகாட்டிக் கணக்கும் வைச்சிருக்கு. இடுப்பு உயரத்தில, உடம்போட ஒட்டிப் பிடிச்சால் ஆம்பிளைக்கு 25 கிலோ, பொம்பிளைக்கு 16. அதே சாமான் நிலத்தில கிடந்தால் 10 உம் 7 உம். ஆள் அதே ஆள், சாமான் அதே சாமான். நிலத்தில வைச்ச குற்றத்துக்கு அரைவாசிக்கு மேல வெட்டிப்போட்டினம். அமெரிக்கக் கணக்கில எல்லாம் சரியா அமைஞ்ச இடத்திலயே 23 கிலோதான். சர்வதேசத் தொழில் அமைப்பு 1967 இல வளந்த ஆம்பிளைக்கு 55 கிலோவுக்கு மேல வேண்டாம் எண்டு பரிந்துரைச்சது. எங்கட சீமெந்து மூட்டை அந்த ஐம்பத்தஞ்சைத்தான் இன்னும் படிச்சுக்கொண்டு நிக்குது. லண்டனில சீமெந்து 25 கிலோப் பையில வருது. வெள்ளைக்காரன்ர நாரி எங்கட பெடியள்ர நாரியைவிட மெலிஞ்சதெண்டோ நினைக்கிறீர்? பை மெலிஞ்சுது, அவ்வளவுதான்.

ரெண்டு மூட்டையை ஒரேயடியாச் சுமந்த பெடியனுக்கு நீர் கைதட்டினீராமே. வடிவாத் தட்டும். அவன் கலியாணம் கட்டிப் பிள்ளையைத் தூக்க ஏலாமல் நிக்கேக்கயும் வந்து தட்டும்.

பழைய ஆக்கள் கெட்டிக்காரர் எண்டு சொல்ல வாறன் எண்டு நினையாதையும். சிலதில கெட்டிக்காரர். துலா மிதிக்கிறதை யோசிச்சுப் பாரும். ஒருத்தர், ரெண்டு பேர் துலாவில ஏறி அங்கயும் இங்கயும் நடப்பினம். அவையின்ர உடம்புப் பாரமே தண்ணியைத் தூக்கித் தரும். தூக்கினது நடை, நாரி இல்லை. பட்டை பிடிக்கிறவர் கொடியைக் கீழதான் இழுக்கிறார், மேல இல்லை. புகையிலைக் கண்டுக்கு அவ்வளவு தண்ணி இறைச்சது அப்பிடித்தான். நயினாதீவுத் திருவிழா அன்னதானத்துக்குக் கிடாரத்தில சோறு இறக்கிறதைப் பாரும். தனிய ஒருத்தன் குனிஞ்சு அணைக்கிறேல்லை. தடியைக் கொழுவி ரெண்டு பேர் தோளில எடுப்பினம். சும்மாடு வைச்சுத் தலையில சுமந்தவன் பாரத்தை முள்ளந்தண்டுக்கு நேர மேல வைச்சான், முன்னுக்குத் தொங்க விடேல்லை. அதில கழுத்துத் தேஞ்சது வேற கதை.

ஆனால் அந்தக் காலத்தில ஒருத்தருக்கும் நாரி நோகேல்லை எண்டு சொல்லுறவன் பச்சைப் பொய்யன். அவன் ஆம்பிளையளை மட்டும் கேட்டிருப்பான். 1970 க்கும் 77 க்கும் இடையில, சிறிமா அம்மாவின்ர ஆட்சியில, வெளியால வெங்காயமும் மிளகாயும் வாறதை மறிச்ச உடன யாழ்ப்பாணத் தோட்டக்காரன் காசைக் கண்டான். வெங்காயம் கட்டின வீடுகள் இண்டைக்கும் நிக்குது. வெங்காயத்தை நட்டது ஆர்? ஆம்பிளை பாத்தி கட்டிப்போட்டுத் தேத்தண்ணிக்குப் போனான். பொம்பிளையள் காலை மடக்காமல் இடுப்பில ரெண்டா மடிஞ்சு, காலமை தொடங்கி வெயில் ஏறுமட்டும் ஒவ்வொரு குமிழா ஊண்டினவை. அவையின்ர கையில பாரமே இல்லை, ஒரு வெங்காயம். ஆனால் குனிஞ்சபடி நிண்டால் முள்ளந்தண்டைக் கட்டி வைச்சிருக்கிற நாரெல்லாம் மெல்ல மெல்ல இழுபட்டுத் தளரும். தளந்த நார் உடன இறுகாது. நட்டு முடிஞ்ச கையோட அதே பொம்பிளை குடத்தைத் தூக்கி இடுப்பில வைச்சுக்கொண்டு வீட்ட போவா, ஒரு பக்கம் சரிஞ்சு. பிறகு குசினியில இருந்து, குனிஞ்சு, ஊதி, சமைப்பா. கிழவியளின்ர முதுகு கூனினது வயசால எண்டு எங்கட பரியாரிமார் சொன்னவை. நானும் பேசாமல் இருந்தன். அந்தக் காசில கட்டின வீட்டுக்குள்ளதானே இருக்கிறன்.

இந்தத் தளருற கதை உம்மட வேலைத்தலத்துக்கும் வேணும். நிலத்துக்கு ரைல்ஸ் பதிக்கிறவன் குனிஞ்சபடி பதிச்சுப்போட்டு, எழும்பின உடன அடுத்த பெட்டியைத் தூக்கப் போறான். ஒரு நிமிசம் நிண்டு, நிமிந்து, நாலடி நடந்துபோட்டுத் தூக்கச் சொல்லும். பீடி பத்தப் போறான் எண்டு நினைச்சுக் கத்தாதையும். கந்தோரில கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறவைக்கும் இதே கதைதான்; சுவீடன் டொக்டர் நாக்கெம்சன் 1960 களிலேயே தட்டுக்குள்ள ஊசி விட்டு அளந்து, முன்னுக்குச் சாஞ்சு இருக்கேக்க நிக்கேக்கையைவிட அமுக்கம் கூட எண்டு காட்டினவர்.

குறிகட்டுவானுக்கு ஒருநாள் போய்ப் பாரும், பாடம் படிக்கலாம். நெடுந்தீவுக்குப் போற அரிசி, மா, காஸ் சிலிண்டர், கோழித்தீன், சீமெந்து எல்லாம் இறங்குதுறையில இருந்து கைக்குக் கைமாறித்தான் வள்ளத்துக்குப் போகுது. காலுக்குக் கீழ வள்ளம் அசையுது. பாரத்தை வாங்கினவன் காலை அசைக்காமல் இடுப்பைத் திருகிப் பின்னால நிக்கிறவனுக்குக் குடுக்கிறான். குனியிறது, தூக்கிறது, திருகிறது, மூண்டும் ஒரே மூச்சில. தட்டின்ர வெளிச்சுத்து வெடிக்கிறதுக்கு இதைவிட நல்ல வழி நான் கேள்விப்படேல்லை. அவங்களைப் பாத்து, "தம்பியவை, காலைத் திருப்பி நில்லுங்கோ" எண்டு நானும் ஒருக்காப் பிரசங்கம் வைச்சனான். "அப்பு, காலைத் திருப்பினால் கடலுக்குள்ள" எண்டாங்கள். சரியான பதில். அங்க தேவை பாரத்தைத் தூக்கி இறக்கிற ஒரு சின்னப் பளுதூக்கி. கிழவன்ர புத்தி இல்லை.

சரி, இப்ப உம்மட நாரிக்கு வருவம். காலால பிறந்தவர் உதைச்சால் பிடிப்பு விடும் எண்டு, அப்பிடி ஒராளைத் தேடி ஆள் அனுப்பினீராம். கிடைச்சவரோ? அவர் உதைச்சால் சுகம் வரும், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. உந்தப் பிடிப்பில கனக்க, உதைச்சாலும் உதைக்காட்டிலும் சில கிழமையில தன்பாட்டில இளகும். உதைச்சவருக்குக் கோழி கிடைக்கும். நொச்சியிலை ஒத்தடம் பிடியும், சூடு சுகமா இருக்கும். ஆனால் பாயில படுத்துக் கிடக்காதையும். 1986 இல அமெரிக்காவில ரெண்டு நாள் படுக்கச் சொன்ன ஆக்களையும் ஏழு நாள் படுக்கச் சொன்ன ஆக்களையும் ஒப்பிட்டுப் பாத்தவை. சுகத்தில வித்தியாசமில்லை, ரெண்டு நாள்க்காரர் கெதியா வேலைக்குப் போட்டினம். மெல்ல மெல்ல நடவும். கடன்காரர் வராத ஒழுங்கையாப் பாத்து நடவும்.

நாரிப்பட்டி வாங்கப் போறன் எண்டீராம், யாழ்ப்பாணத்தில போய் எல்லாப் பெடியளுக்கும். அந்தக் காசை வைச்சிரும். 2000 ஆம் ஆண்டில அமெரிக்காவில 160 கடையில 9377 வேலைக்காரரில பாத்தவை. நாரிப்பட்டி கட்டினவைக்கும் கட்டாதவைக்கும் நோவிலயோ நட்டஈட்டுக் கோரிக்கையிலயோ வித்தியாசம் இல்லை. பட்டி கட்டினவனுக்கு ஒண்டு மட்டும் கூடும், துணிவு. துணிவு கூடினால் இன்னொரு மூட்டை தூக்குவான்.

ஸ்கானுக்கு அந்தரப்படுறதும் அப்பிடித்தான். 1994 இல நாரி நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்தால், அதில அரைவாசிப் பேருக்குக் கொஞ்சம் கூடவே தட்டுப் பிதுங்கிக் கிடந்தது. நோகாமல் திரிஞ்சவை! படத்தைக் கையில குடுத்தால் அண்டைக்கே நோகத் தொடங்கியிருக்கும். ஆனால் ஒண்டு, இதில நான் பகிடி விடேல்லை: சலம் அடைபட்டால், சலமோ மலமோ தெரியாமல் போனால், இருக்கிற இடமும் தொடையிடுக்கும் விறைச்சால், கால் சோந்து இழுபட்டால், காய்ச்சலோட நாரி நொந்தால், பரியாரியும் வேண்டாம், உதைக்கிற ஆளும் வேண்டாம். அந்த நிமிசமே ஓட்டோ பிடிச்சு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி; அங்கயிருந்து அனுப்பினால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. விடியட்டும் எண்டு இருந்தால் அந்தக் கால் திரும்பி வராது.

நீர் தனிய எண்டும் கவலைப்படாதையும். 2020 இல உலகத்தில 61 கோடி 90 லட்சம் பேருக்கு நாரி நோ இருந்தது. மனிசரை முடக்கிற வருத்தங்களுக்குள்ள முதலாம் பிள்ளை இதுதான். ஆனால் உமக்கும் உம்மட பெடியளுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. நீர் முடங்கினால் வேலை கொஞ்சம் சுணங்கும். அவன் முடங்கினால் அடுப்பு எரியாது. நாட்கூலிக்காரனுக்குச் சுகயீன லீவு எண்டு ஒண்டு எங்க கிடக்கு? 1934 ஆம் ஆண்டின்ர வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கு, உண்மைதான். வேலையில நடந்த விபத்தால காயம் பட்டால் முதலாளி குடுக்க வேணும். கட்டடச் சாரத்தால விழுந்து கை முறிஞ்சால் திகதி போடலாம், நேரம் போடலாம், கண்ட சாட்சியும் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்ச நாரிக்கு எந்தத் திகதியைப் போடுறது? அவன்ர நாரியும் ஒருநாள் சோப்பெடுக்கேக்கதான் பிடிக்கும், தன்ர வீட்டுக் கிணத்தடியில. "என்ர வேலைத்தலத்தில நடக்கேல்லை" எண்டு நீர் சொல்லுவீர். பொய்யும் இல்லை. ஆனால் உம்மட மூட்டையள் எல்லாம் அந்தச் சோப்புக்கட்டிக்குள்ள கிடக்கு.

ஆனபடியால் இனிமேல் பெடியளுக்குக் குனியப் படிப்பியாதையும். குனிய வேண்டாத மாதிரி இடத்தை ஒழுங்கு பண்ணும். லான்ட்மாஸ்ரர்ப் பெட்டி எந்த உயரம்? கிட்டத்தட்ட இடுப்பு. அதில நிக்கிற மூட்டையை இறக்கி நிலத்தில போட்டு, பிறகு அதே மூட்டையைத் திரும்ப நிலத்தில இருந்து தூக்க வைக்கிறீர். ஒரு மூட்டைக்கு ரெண்டு தரம் நாரியைச் செலவழிக்கிறீர், ஒரு தரத்துக்குக் கூலி குடுக்கிறீர். பெட்டிக்குச் சமனா ஒரு மேடை கட்டினால் மூட்டை இழுபட்டு வரும். மேடையில இருந்து தள்ளுவண்டில். தள்ளுவண்டில் போகாத இடத்துக்கு ரெண்டு பேர். கல்லு அரியிற இடத்திலயும் அப்பிடித்தான், அரிஞ்ச கல்லை நிலத்தில அடுக்காமல் பலகைத் தட்டில அடுக்கும். சாந்துத் தாச்சியை வாயால் வழிய நிரப்பாமல் முக்கால்வாசி போடச் சொல்லும். ரெண்டு நடை கூட வரும், வரட்டும். சீமெந்து இறக்கிறதைப் பெடியள் வந்து ஒரு மணித்தியாலம் கழிச்சு வையும். அதுக்குள்ள கம்பி கட்டலாம், சுவருக்குத் தண்ணி அடிக்கலாம், உம்மைப் பற்றிக் கதைக்கலாம்.

நாளைக்கு லோட் வருதெண்டு கேள்விப்பட்டன். அதுக்கு முதல் மேடை நிக்க வேணும். கல்லு உம்மட்டக் கிடக்கு. பனஞ்சிலாகை என்ர பின்வளவில கிடக்கு, காசு வேண்டாம். ஆனால் நீர் வந்து தூக்காதையும். பின்னேரமாப் பெடியள் ரெண்டு பேரை அனுப்பும், ஆளுக்கொரு முனையில பிடிக்க.